மதம் காணி உறுதி ஆகுமா?

ஒரு காணிக்கு உரியவன் யார் என்ற கேள்வி எழும்போது நீதிமன்றம் எவற்றைக் கேட்கிறது? உறுதி எங்கே, நில அளவைப் படம் எங்கே, எத்தனை ஆண்டுகள் ஆட்சியில் இருந்தாய், எல்லைக்காரர் யார் யார் என்பவற்றையே கேட்கிறது. வழக்காளி எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறான் என்று எந்த நீதிபதியும் கேட்பதில்லை. ஆனால் அரசுகள் குடியேற்றம் நடத்தப் புகும்போது மட்டும் இந்தச் சாதாரண நீதி தலைகீழாகி விடுகிறது. “எமது சமயம் இங்கே இருந்தது, ஆதலால் மண்ணும் எமதே” என்ற ஒரு வாதம் அங்கே உறுதியின் இடத்தில் வந்து அமர்ந்து கொள்கிறது.

இவ்வாதம் இலங்கையில் பிறந்ததன்று. நானூறு ஆண்டுகளுக்கு முன்பு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்கக் கரையில் இறங்கிய ஆங்கிலேயர்கள் இதே வாதத்தைக் கையாண்டனர். அது அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது, அது பிழை என்று அவர்களுள் எவர் கண்டார், அதிலிருந்து அவர்கள் எவ்வாறு மீண்டனர் என்பவற்றை நாம் அறிந்துகொள்வது வெறும் சரித்திர ஆராய்ச்சியாகாது. முல்லைத்தீவிலும் திருகோணமலையிலும் இன்று நடப்பதைப் புரிந்துகொள்ளும் வழியும் அதுவே.

தப்பி வந்தவர் தண்டிப்பவரானார்

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மன்னனே திருச்சபைக்கும் தலைவன். அவனுடைய சபைக்குப் போகாதவன் தண்டம் செலுத்தினான். தனியே கூடி வழிபட்டவன் சிறை சென்றான். இந்தக் கொடுமைக்குத் தப்பியே 1620இல் ஒரு கூட்டம் பிளிமத்தில் இறங்கியது. 1630இல் ஜோன் வின்திறொப் என்பவரின் தலைமையில் பியூரிட்டன்கள் எனப்பட்ட தூய்மைவாதிகள் மசச்சூசெற்ஸில் பெருந்தொகையாகக் குடியேறினர். மதத்துக்காகத் துன்புற்றவர்கள் பிறர் மதத்தைத் துன்புறுத்தமாட்டார்கள் என்றே எவரும் எண்ணுவர்.

நடந்ததோ வேறு. 1631ஆம் ஆண்டிலேயே, தமது சபையின் அங்கத்தவரல்லாத எவனுக்கும் வாக்குரிமை இல்லை என்று அவர்கள் விதித்தனர். ஆன் ஹச்சின்சன் என்ற பெண்மணி குருமாரின் போதனையைக் கேள்விக்குள்ளாக்கியமைக்காக 1637இல் விசாரிக்கப்பட்டு, மறுவருடம் நாடு கடத்தப்பட்டார். 1659ஆம் ஆண்டுக்கும் 1661ஆம் ஆண்டுக்கும் இடையில் நான்கு குவேக்கர்கள் பொஸ்ரன் நகரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் மேரி டயர் என்ற ஒரு தாயும் இருந்தார். தடையை மீறித் தமது சமயத்தோடு அந்நகருக்குத் திரும்பி வந்ததே அவர்கள் செய்த குற்றம்.

மேரிலண்டின் கதை இன்னும் படிப்பினை மிக்கது. கத்தோலிக்கரான கல்வேட் குடும்பத்தார் 1634இல் நிறுவிய அக்குடியேற்றம், 1649இல் சமய சகிப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே அச்சட்டம் நிழல் கொடுத்தது. திரித்துவத்தை மறுப்பவனுக்கு அதே சட்டம் மரண தண்டனை விதித்தது. தூய்மைவாதிகள் அங்கு அதிகாரத்தைக் கைப்பற்றியதும் 1654இல் அச்சட்டமும் நீக்கப்பட்டது. அது மீண்டும் வந்து, மீண்டும் போயிற்று. ஈற்றில் 1718இல், எவர் அக்குடியேற்றத்தை நிறுவினாரோ அந்தக் கத்தோலிக்கரே வாக்குரிமையை இழந்தனர். பெரும்பான்மையின் பெருந்தன்மையை மட்டும் நம்பி நிற்கும் உரிமை, பெரும்பான்மை மாறும் நாளில் மறைந்துவிடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

வெறும் நிலம் என்னும் வாதம்

இவையனைத்தும் குடியேறியவர்கள் தமக்குள் நடத்திய சண்டை. ஆனால் அந்நிலத்தில் அவர்களுக்கு முன்பே மக்கள் வாழ்ந்தனர் அல்லவா? மசச்சூசெற்ஸ் கம்பனிக்கு 1629இல் மன்னன் வழங்கிய சாசனம், அங்குள்ள மக்களைக் கிறிஸ்தவ மதத்திற்குக் கொணர்வதே இக்குடியேற்றத்தின் முதன்மையான நோக்கம் என்று பறைசாற்றியது. அக்கம்பனியின் முத்திரையிலோ, கடல் கடந்து வந்து தமக்கு உதவுமாறு அம்மக்களே கெஞ்சுவது போல ஒரு சுதேசியின் உருவம் பொறிக்கப்பட்டது. காணியைப் பறிப்பவன், பறிகொடுப்பவனின் வாயிலிருந்தே அழைப்பையும் வரவழைத்துக்கொண்டான்!

வின்திறொப் சட்டம் கற்றவர். வேலி அடைக்காத, கால்நடை கட்டாத, நிலையான வீடு எழுப்பாத நிலம் வெறும் நிலம். அதன்மீது சுதேசிகளுக்கு முழுமையான ஆதனவுரிமை கிடையாது என்று அவர் வாதித்தார். வேதம் நோக்கத்தைத் தந்தது. சட்டம் சாக்கைத் தந்தது. 1637இல் மிஸ்ரிக் என்னுமிடத்தில் பீக்குவொட் மக்களின் அரண் சூழப்பட்டுத் தீயிடப்பட்டது. பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் அதில் மாண்டனர். அந்த வெற்றிக்காக ஆண்டவனுக்கு நன்றியும் செலுத்தப்பட்டது.

இந்த இருளில் ஒருவர் எழுந்து நின்றார். அவர் பெயர் றொஜர் வில்லியம்ஸ். அவரும் ஒரு குருவே. அவர் கூறியவை இரண்டு. அரசனது நீதவானுக்கு மனிதனின் மனச்சாட்சி மீது அதிகாரம் இல்லை என்பது ஒன்று. இம்மண் சுதேசிகளுக்குரியது, தனக்குச் சொந்தமில்லாததை எழுதிக் கொடுக்க இங்கிலாந்து மன்னனுக்கு உரிமை இல்லை என்பது மற்றையது. 1635இல் அவருக்கு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. நரகான்செற் தலைவர்களிடம் முறைப்படி காணி பெற்று, 1636இல் அவர் பிறொவிடன்ஸ் என்ற ஊரை நிறுவினார். 1663இல் றோட் ஐலண்டுக்குக் கிடைத்த சாசனம், சமய அபிப்பிராயத்துக்காக எவரும் தண்டிக்கப்படலாகாது என்று உறுதி செய்தது.

அரசிலிருந்து மதத்தைப் பிரிக்கவேண்டும் என்று சொன்னவரும், மதத்தின் பெயரால் பிறர் காணியை எடுக்கலாகாது என்று சொன்னவரும் ஒரே மனிதர் என்பதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். இது தற்செயலன்று. அரசாங்கத்துக்கு ஒரு மதம் இருக்குமானால் அந்த மதத்துக்குக் காணிப் பசி வந்தே தீரும்.

பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னும் மனச்சாட்சிக்காகச் சிறை கண்டவரே. 1670இல் வீதியில் பிரசங்கம் செய்தமைக்காக அவர் விசாரிக்கப்பட்டபோது, அவரைக் குற்றவாளியாகக் காண மறுத்த யூரிமார் தாமே சிறையில் அடைக்கப்பட்டனர். அதிலிருந்து எழுந்த புஷெல் வழக்கே யூரிமாரின் சுதந்திரத்துக்கு அத்திவாரம் என்பதைச் சட்டம் பயிலும் ஒவ்வொரு மாணவனும் அறிவான். பென் 1681இல் அரசனிடம் சாசனம் பெற்றிருந்தும், லெனாபே மக்களிடம் விலை கொடுத்தே காணி வாங்கினார். ஆனால் தந்தையின் நேர்மை மைந்தரின் நேர்மைக்குப் பிணையாகவில்லை. 1737இல் அவருடைய மைந்தர்கள், ஒருவன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம் வரையுள்ள நிலம் தமக்குரியது என்ற பழைய ஒப்பந்தம் ஒன்றைக் காட்டி, வெட்டித் துப்புரவாக்கிய பாதையில் விரைந்தோட வல்லாரை அமர்த்திப் பெரும் பிரதேசத்தைக் கவர்ந்துகொண்டனர். நல்ல ஆட்சியாளன் போதாது. அவன் இறந்த பின்பும் உயிரோடிருக்கும் நல்ல சட்டம் வேண்டும்.

அந்தச் சட்டத்தை அமெரிக்கர் தேடிக்கொள்ளக் காலம் சென்றது. 1786இல் வேர்ஜீனியாவின் சமய சுதந்திரச் சட்டமும், 1791இல் அரசியலமைப்பின் முதலாவது திருத்தமும் வந்தன. மசச்சூசெற்ஸ் தனது சபைக்கு அரச ஆதரவளிப்பதை 1833இலேயே நிறுத்தியது. தங்கள் சமயச் சண்டைக்கு அவர்கள் இவ்வாறு மருந்து கண்டனர். நிலம் பறிகொடுத்த சுதேசிகளுக்கு அந்த மருந்து எட்டவில்லை.

இலங்கையில் ஆங்கிலேயர்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கு ஆங்கிலேயருக்கு முன் வந்த இருவரும் மதத்தை ஆட்சியின் கருவியாகவே கொண்டனர். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலைப் போர்த்துக்கேயர் 1621இல் இடித்தனர். ஒல்லாந்தரோ ஞானஸ்நானத்தையும் தோம்பையும் ஒன்றாக முடிச்சுப் போட்டனர். தமது சபையைச் சேராதவனுக்கு உத்தியோகம் மறுத்தனர்.

இங்கு குடியேற வராது ஆள மட்டும் வந்த ஆங்கிலேயன் வேறு கணக்குப் போட்டான். கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை இலங்கையில் 1806இல் நீக்கினான். தன் சொந்த நாட்டுக் கத்தோலிக்கருக்கு அதே நீதியை வழங்க அவனுக்கு 1829 வரை சென்றது. 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில் பௌத்த சமயத்துக்குப் பாதுகாப்பை வாக்களித்தான். 1818ஆம் ஆண்டுப் பிரகடனத்தில் ஏனைய சமயத்தாரின் அமைதியான வழிபாட்டுக்கும் பாதுகாப்பு உண்டு என்று சேர்த்துக்கொண்டான். பின்னர் மிஷனரிமாரின் நெருக்குதலால் பௌத்தத்துடனான தொடர்பை அறுத்துக்கொண்ட அதே அரசாங்கம், தன் அங்கிலிக்கன் சபைக்குப் பொதுப் பணத்திலிருந்து கொடுத்துவந்த மானியத்தை நிறுத்த 1881ஆம் ஆண்டில்தான் சட்டம் செய்தது.

1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் ஒன்று தாக்கப்பட்டுக் கலகம் மூண்டது. நீதி கிடைக்காது மனம் வெதும்பிய பௌத்தர்கள் சார்பில் கேர்ணல் ஒல்கொற் 1884இல் இலண்டன் சென்று முறையிட்டார். 1885 முதல் வெசாக் தினம் அரச விடுமுறையாயிற்று. அன்று பௌத்தர்கள் கேட்டதென்ன? ஆளுபவனின் மதம் எதுவாயினும் ஆட்சி நடுநிலையாக இருக்கவேண்டும் என்பதே. அது நியாயமான கோரிக்கை. இன்று நாம் கேட்பதும் அதற்கு ஓரங்குலம் கூடியதன்று.

எனினும் ஆங்கிலேயன் இந்நாட்டுக்கு விட்டுச்சென்ற மிகப் பெரிய தீங்கு 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமேயாகும். காடும், தரிசும், பயிரிடப்படாத நிலமும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என்று அச்சட்டம் அனுமானித்தது. வின்திறொப்பின் வெறும் நிலம் இரு நூற்றாண்டு கழித்து இலங்கையில் சட்டமாகிவிட்டது! பரம்பரையாக மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பயன்பட்ட நிலத்தைத் தனது என்று நிரூபிக்கும் சுமை எழுத்தறியாத குடியானவன் தலையில் ஏற்றப்பட்டது. அன்று கோப்பித் தோட்டத்துரைகளுக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடே பிற்காலக் குடியேற்றங்கள் அனைத்துக்கும் கதவு திறந்து வைத்தது.

முடி போயிற்று; முடிக்குரிய காணி போகவில்லை

சுதந்திர இலங்கையின் ஆட்சியாளர்கள் முடியைத் துறந்தனர். முடிக்குரிய காணியைத் துறக்கவில்லை. டி. எஸ். சேனநாயக்கா காலத்தில் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் முதலாகப் பெருங் குடியேற்றங்கள் கிழக்கிலும் வடக்கின் எல்லையிலும் எழுந்தன. காணியற்ற ஏழை விவசாயிக்குக் காணி வேண்டும் என்பதில் எமக்கு மறுப்பு இல்லை. அங்கே கொண்டுவந்து விடப்பட்ட சிங்கள விவசாயி எமது பகைவனும் அல்லன். அவனும் வறுமையால் உந்தப்பட்டவனே. எமது ஆட்சேபம், அப்பகுதியில் வாழ்ந்த மக்களின் சம்மதமின்றி, பண்டைய குளங்களையும் தாதுகோபங்களையும் மீட்கும் புனித கைங்கரியம் என்ற போர்வையில், இனவிகிதாசாரத்தை மாற்றியமைத்த அரசியல் மீதேயாகும்.

இதற்குப் பரிகாரம் தேடிய ஒவ்வொரு முயற்சியையும் காவியின் பெயரால் எழுந்த எதிர்ப்பு வந்து மறித்ததைச் சரித்திரம் காட்டும். குடியேற்றத்தில் பிரதேச சபைகளுக்கு அதிகாரம் வழங்க இணங்கிய 1957ஆம் ஆண்டுப் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம், பிக்குமார் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்த சத்தியாக்கிரகத்தால் 1958 ஏப்ரிலில் கிழித்தெறியப்பட்டது. பணிந்த பிரதமரை 1959இல் ஒரு பிக்குவே சுட்டுக் கொன்றார் என்பதையும் இங்கு நினைவூட்டாமல் இருக்கமுடியாது. 1965ஆம் ஆண்டு டட்லி - செல்வநாயகம் உடன்பாடு, வடக்கு கிழக்கில் வழங்கப்படும் காணி முதலில் அம்மாவட்டத்தின் காணியற்றோருக்கே உரியது என்றது. அதுவும் ஏட்டிலேயே உறங்கியது. 1968இல் மந்திரி மு. திருச்செல்வம், திருக்கோணேஸ்வர ஆலயச் சுற்றாடலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தார். ஒரு பிக்குவின் ஆட்சேபம் வந்ததும் பிரதமரே அதனை நிறுத்திவைத்தார். தமிழரசுக் கட்சி அவ்வரசாங்கத்திலிருந்து விலகியது. அநுராதபுரம் புனித நகராகலாம். கோணேசர் கோவில் மட்டும் ஆகக்கூடாது என்பது எந்த நியாயம்?

1947ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமயத்தாருக்கு இல்லாத சிறப்புரிமையை மற்றொரு சமயத்தாருக்கு வழங்கலாகாது என்று பாராளுமன்றத்தைத் தடுத்திருந்தது. 1972இல் அந்த வேலி பிடுங்கப்பட்டு, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கப்பட்டது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரையும் அதனை ஏற்றுக்கொண்டது. ஆயினும் அவ்வுறுப்புரையே ஏனைய சமயங்களின் உரிமைகளையும் உறுதி செய்கிறது என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகின்றனர். ஒன்பதாம் உறுப்புரை ஒரு காணிச் சட்டம் அன்று. அதில் எந்த ஒரு பரப்பு நிலமும் எவருக்கும் எழுதிக் கொடுக்கப்படவில்லை.

அப்படியிருந்தும் என்ன நடக்கிறது? 2020 யூன் மாதத்தில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென நியமிக்கப்பட்ட ஜனாதிபதி செயலணிக்குப் பாதுகாப்புச் செயலாளர் தலைமை வகித்தார். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அச்செயலணியில், நியமனத்தின்போது ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. 2019 செப்டெம்பரில், நாயாறு நீராவியடிப் பிள்ளையார் ஆலயச் சூழலில் ஒரு பிக்குவின் உடலை எரிக்கலாகாது என்று நீதிமன்றம் கட்டளையிட்டிருந்தது. கட்டளை காற்றில் பறந்தது. தீர்த்தக் கேணியருகே சிதை எரிந்தது. கட்டளையை எடுத்துரைத்த சட்டத்தரணிகள் தாக்கப்பட்டனர். குருந்தூர்மலையில் புதிய கட்டுமானம் கூடாது என்று 2022இல் முல்லைத்தீவு நீதிமன்றம் இட்ட கட்டளையையும் மீறி வேலை நடந்தது. அவ்வழக்கை விசாரித்த நீதிபதி, உயிரச்சுறுத்தலும் மனவழுத்தமும் காரணம் என்று கூறி 2023 செப்டெம்பரில் பதவி துறந்து நாட்டைவிட்டே சென்றார். அச்சுறுத்தல் எதுவும் இல்லை என்றனர் ஆட்சியாளர். வழக்காளிக்கும் எதிராளிக்கும் பொதுவான இடம் நீதிமன்றம் ஒன்றே. அதுவும் போய்விட்டால் மிஞ்சுவது என்ன?

தொல்பொருள் யாருக்குச் சொந்தம்?

வடக்கிலும் கிழக்கிலும் பௌத்தச் சின்னங்கள் உள்ளன என்பதை நாம் மறுக்கவில்லை; மறுக்கவும் தேவையில்லை. கந்தரோடையில் அவை கண்முன்னே நிற்கின்றன. ஆனால் பண்டைத் தமிழரிடையே பௌத்தம் தழைத்திருந்தது என்பதற்கு மணிமேகலை என்ற காப்பியமே சாட்சி. ஒரு செங்கல் அங்கே ஒரு காலத்தில் புத்தரை வழிபட்டார்கள் என்பதைக் காட்டலாம். வழிபட்டவர் எந்த மொழி பேசினார் என்பதை அது கூறாது. இன்று அக்காணியில் உழுபவனை எழுப்பிவிடும் அதிகாரமும் அதற்கு இல்லை. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பழமையைப் பாதுகாக்கவே இயற்றப்பட்டது. பழமையின் மீது புதுமை கட்டுவது எவ்வகைப் பாதுகாப்பு?

களுபோவிலவிலிருந்து வெள்ளவத்தை வழியாகக் கொட்டாஞ்சேனை வரை செல்பவர் எவரும் விகாரையையும், கோவிலையும், பள்ளிவாசலையும், தேவாலயத்தையும் அடுத்தடுத்துக் காண்பர். ஒல்லாந்தரின் வுல்ஃபெண்டால் ஆலயமும், புனித லூசியாள் பேராலயமும், இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரமும் ஒரே வட்டாரத்தில் நிற்கின்றன. ஒல்லாந்தன் ஒருகாலத்தில் கொட்டாஞ்சேனையை ஆண்டான் என்பதற்காக அவனுடைய சபை இன்று அயலவன் வளவைக் கேட்பதில்லை. கொழும்பில் சாதாரணமாகப்படும் இந்த நியாயம் வவுனியாவைத் தாண்டியதும் ஏன் மறைந்துவிடுகிறது?

நியாயம் கேட்பவன் தன் வீட்டையும் பார்க்கவேண்டும். 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயத்தினுள் செல்ல முயன்றபோது அவர்களை வாசலில் மறித்தவர்கள் சைவத் தமிழரே. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, அம்மக்களின் உறுதிகளும், பள்ளிவாசல்களும், தலைமுறை வாழ்வும் அந்த மாதத்திலேயே செல்லாக்காசாக்கப்பட்டன. இவற்றைக் கண்டிக்காத வாய்க்குக் குருந்தூர்மலையைப் பற்றிப் பேசும் தகுதி குறைவு. ஒடுக்கப்பட்டவன் என்பதனாலேயே ஒருவன் நீதிமானாகி விடுவதில்லை என்பதைப் பொஸ்ரனின் தூக்குமரம் நமக்குச் சொல்லவில்லையா?

செய்யவேண்டியவை

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை நான்கு. பிணக்குள்ள எந்த வழிபாட்டிடத்திலும், தீர்ப்பு வரும்வரை எந்தச் சமயத்தாரும் ஒரு கல்லையும் வைக்கலாகாது. நீதிமன்றக் கட்டளையை மீறும் உத்தியோகத்தர் எப்பதவியில் இருப்பினும் தண்டிக்கப்படவேண்டும். தொல்பொருள் பிரகடனம் செய்யுமுன் காணிக்காரரையும் ஆலயத்தாரையும் விசாரிக்கவேண்டும். அவ்விசாரணை நடத்துவோருள் மூவினத்து அறிஞரும் இருக்கவேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் கூறிய தேசிய காணி ஆணைக்குழு காகிதத்திலிருந்து இறங்கி வரவேண்டும்.

எமது மக்களிடம் கேட்பதும் உண்டு. ஆலயத் தர்மகர்த்தாக்கள் உடனே உறுதி, தோம்புப் பிரதி, நில அளவைப் படம், பழைய புகைப்படம், வரிப் பற்றுச்சீட்டு என்பவற்றைத் திரட்டிப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தவேண்டும். உறுதியில்லாத இடங்களில் ஊரின் முதியோரிடம் சத்தியக் கூற்றுப் பெற்று வைக்கவேண்டும். அரச காணிக்கெதிராகப் பத்தாண்டு ஆட்சியுரிமை செல்லாது என்பதையும், போரினால் இடம்பெயர்ந்தோருக்கு 2016ஆம் ஆண்டின் ஐந்தாம் இலக்கச் சட்டம் தனிப் பாதுகாப்பு வழங்கியது என்பதையும் ஒவ்வொரு கிராமச் சங்கமும் அறிந்திருக்கவேண்டும். ஆத்திரத்தில் இரவோடிரவாக ஒரு சூலத்தை நட்டு வைப்பது எளிது; அது எதிராளியின் வாதத்தையே நாமும் ஒப்புக்கொண்டதாக முடியும். ஆவணத்தோடு நீதிமன்றப் படி ஏறுவது கடினம். ஆயினும் நிலைப்பது அதுவே.

மதம் மனிதனுக்கு ஆறுதலாகலாம், அறமாகலாம், வாழ்வின் விளக்காகவும் ஆகலாம். காணி உறுதியாக மட்டும் அது ஆகாது. இந்த எளிய உண்மையைச் சொன்ன றொஜர் வில்லியம்ஸை அன்று தம் மக்களே மாரிக் குளிரில் துரத்தினர். துரத்தியவர்களின் நாடே பின்னர் அவர் சொன்னதைத் தன் அரசியலமைப்பில் எழுதிக்கொண்டது. இலங்கையும் ஒருநாள் எழுதியே ஆகவேண்டும். அந்த நாள் வரும்போது முல்லைத்தீவிலே உழுவதற்கு எமது விவசாயியும், அவனுக்கென்று ஒரு காணியும் எஞ்சியிருக்கவேண்டும். அதற்கான வேலை இன்றே தொடங்கட்டும்.